கடியால் சாகிறவர் சிலர், குடியால் சாகிறவர் பலர்

கல்லூரி கேன்டீனில் நாலு பேர் உட்கார்ந்து ஜாம்பிப் படம் பற்றிப் பேச ஆரம்பித்தால், அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். "உலகமே ஜாம்பியாகிவிட்டால் நீ என்ன ஆயுதம் எடுப்பாய்?" ஒருவர் துப்பாக்கி என்பார். இன்னொருவர் அரிவாள் என்பார். துப்பாக்கிக்குக் குண்டு தீர்ந்துவிடும், அரிவாளுக்கு அந்தக் கவலை இல்லை என்று அதற்கு ஒரு விளக்கமும் வரும். மூன்றாமவர் மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டு படிக்கட்டை இடித்துவிடலாம் என்பார். நாலாமவர் டீயை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

அந்த டீக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்!

கேட்டிருந்தால் விவாதம் அங்கேயே முடிந்திருக்கும். ஜாம்பிக் கூட்டம் ஒரு ஊருக்குள் நுழைந்தால் முதல் வாரத்தில் கொஞ்சம் பேர் கடிபட்டுச் சாவார்கள். அடுத்த வாரத்திலிருந்து மீதிப் பேர் வயிற்றுப்போக்கில் சாவார்கள். படம் எடுப்பவர்கள் இதைக் காட்டுவதில்லை. கதாநாயகன் பேதியாகி மூலையில் சுருண்டு கிடந்தால் டிக்கெட் விற்காது. சினிமாக்காரர்களுக்கு அது வியாபாரம், போகட்டும். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு "ஆபத்து வந்தால் ஆயுதம் எடு, யாரையும் நம்பாதே, தனியாக ஓடு" என்று பாடம் படிக்கிற ரசிகர்களுக்கு என்ன வந்தது? அந்தப் பாடம் தவறு. விளையாட்டுக்குச் சொல்கிற தவறு அல்ல, ஆளைக் கொல்கிற தவறு.

முதலில் ஒரு கணக்கு

சாப்பாடு இல்லாமல் மனிதன் சில வாரங்கள் தாக்குப்பிடிப்பான். தண்ணீர் இல்லாமல் சில நாட்கள்தான். வெயிலில் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் இல்லை. ஜாம்பிப் படத்தில் எல்லோரும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேரிடர் நிவாரணப் பணியில் இருப்பவர்கள் உலகம் முழுக்கப் பின்பற்றும் ஸ்பியர் கையேடு, குடிக்கவும் சாப்பாட்டுக்கும் மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2.5 முதல் 3 லிட்டர் வேண்டும் என்கிறது. சமைக்க, கழுவ, உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ள எல்லாம் சேர்த்தால் குறைந்தது 15 லிட்டர். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 2011 மே மாதம் ஜாம்பிப் பேரழிவுக்குத் தயாராவது எப்படி என்று நிஜமாகவே ஒரு குறிப்பை வெளியிட்டது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் மக்களைத் தயார்படுத்த ஒரு சாக்கு, அவ்வளவுதான். கூட்டம் தாங்காமல் அந்தத் தளமே படுத்துவிட்டது. அந்தக் குறிப்பின் பட்டியலில் முதலில் இருந்தது துப்பாக்கி அல்ல. தண்ணீர்! ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர்.

நாலு பேர் உள்ள குடும்பம், இரண்டு வாரம் என்று பெருக்கினால் கிட்டத்தட்ட 213 லிட்டர் வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 213 கிலோவை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடக்கூடிய கதாநாயகன் இன்னும் பிறக்கவில்லை. அதனால் "தூக்கிக்கொண்டு ஓடு" என்கிற திட்டம் முதல் கணக்கிலேயே தோற்கிறது. தண்ணீர் இருக்கும் இடத்தில் மனிதன் தங்க வேண்டும். அல்லது கிடைத்த தண்ணீரைக் குடிக்கத் தக்கதாக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

குழாய் எத்தனை நாள் வரும்?

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. இது ஏதோ மழை மாதிரி, காற்று மாதிரி தானாக நடக்கிற சங்கதி என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிஜத்தில் அது நூற்றுக்கணக்கான ஆட்கள் தினமும் வேலைக்கு வருவதால் நடக்கிறது. ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ வரும் தண்ணீரில் படிகாரம் போன்றதைக் கலந்து கலங்கலைப் படியவைக்க வேண்டும். மணல் படுகையில் வடிகட்ட வேண்டும். குளோரின் சேர்க்க வேண்டும். பிறகு மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும், குளோரின் லாரியில் வர வேண்டும், லாரிக்கு டீசல் வேண்டும்.

படத்தில் முதல் அரை மணி நேரத்திலேயே மின்சாரம் போய்விடுகிறது. உடனே ஏற்றுவது நிற்கும். மேல்நிலைத் தொட்டியில் இருப்பது தன் கனத்தால் கொஞ்ச நேரம் இறங்கி வரும். அது தீரத் தீரக் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் இருக்கும்வரை ஓட்டைக் குழாயிலிருந்து தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் போனதும் வெளியே மண்ணில் இருக்கும் சாக்கடை உள்ளே கசியும். ஆக, கடைசியாகச் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீரைப் பிடித்து "அப்பாடா" என்று அப்படியே குடிப்பவர், இருப்பதிலேயே மோசமான தண்ணீரைக் குடிக்கிறார்.

எனவே சேதி வந்த முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியது கதவுக்குப் பின்னால் பீரோவை நகர்த்துவது மட்டும் அல்ல. அண்டா, குண்டான், வாளி, பிரஷர் குக்கர் எதுவாக இருந்தாலும் கழுவிவிட்டு நிரப்பி மூடிவைப்பது. வீட்டின் கீசரில் இருக்கும் தண்ணீர் பலருக்கு நினைவே வராது. அதையும் எடுக்கலாம். மாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். நீச்சல் குளத்துத் தண்ணீர் கழுவ ஆகும், குடிக்க ஆகாது. காரின் ரேடியேட்டர் தண்ணீர் எதற்கும் ஆகாது, அதில் விஷம் கலந்திருக்கும்.

படங்கள் ஒரு தடவை சரியாகச் சொன்னன, ஒரு தடவை பாதி சொன்னன

எல்லாப் படத்தையும் ஒரே கூடையில் போட்டுத் திட்டுவதும் நியாயமில்லை. 2002இல் வந்த '28 டேஸ் லேட்டர்' படத்தில் நாயகன் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறான். ஊரே காலி. அவன் முதலில் செய்வது என்ன? உடைந்து கிடக்கும் இயந்திரத்திலிருந்து கோலா டின்களைப் பொறுக்கிக் குடிப்பது. நேர்மையான காட்சி. அதே படத்தில் அடுக்குமாடிக் கட்டிடத்தில் மகளோடு ஒளிந்திருக்கும் ஒரு டாக்ஸி டிரைவர், மொட்டை மாடி முழுக்கக் கலர் கலராக வாளிகளை அடுக்கி மழைக்காகக் காத்திருக்கிறார். மழை வரவில்லை. அந்த வீட்டைவிட்டு அவர்கள் கிளம்ப வேண்டி வருவதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். அந்தப் படத்தில் எத்தனையோ ரத்தக் காட்சிகள் இருக்கின்றன. காலி வாளிகள் நிற்கும் அந்தக் காட்சிதான் அவை எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது.

இப்போது மற்றதைப் பார்க்கலாம். 'தி வாக்கிங் டெட்' தொடரின் இரண்டாவது பருவத்தில், 2011இல், ஒரு பண்ணைக் கிணற்றுக்குள் ஊறி உப்பிப்போன ஜாம்பி ஒன்று கிடக்கிறது. சுட்டால் கிணறு கெட்டுவிடும் என்று ஒரு இளைஞனைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, அதை முழுசாக மேலே இழுக்கப் பார்க்கிறார்கள். கிணற்று விளிம்புவரை வந்து அது இரண்டாகப் பிய்ந்து பாதி உள்ளே விழுகிறது. கிணறு போச்சு. ரசிகர்கள் முகம் சுளித்துவிட்டுச் சிரித்தார்கள்.

கிணறு அது பிய்ந்தபோது கெடவில்லை, அது விழுந்த அன்றைக்கே கெட்டுவிட்டது என்பது ஒரு பக்கம். இதில் பெரிய விஷயம் வேறு. அத்தனை பேர் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறார்களே, அவர்களின் கழிப்பிடம் கிணற்றிலிருந்து எத்தனை தூரத்தில் இருந்தது? அதை யாரும் கேட்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் பேரிடர் காலத்துக்காகத் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் உண்மை ஒன்று உண்டு. நிலநடுக்கத்திலும் வெள்ளத்திலும் இறந்தவர்களின் உடல்களால் பொதுவாகக் கொள்ளைநோய் பரவுவதில்லை. உயிரோடு இருப்பவர்களின் மலம் தண்ணீரில் கலப்பதால்தான் பரவுகிறது. கழிப்பிடத்துக்கும் நீர்நிலைக்கும் குறைந்தது 30 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது அதனால்தான்.

செத்தவனைக் கண்டு அலறுகிறார்கள், உயிரோடிருப்பவன் எங்கே ஒதுங்குகிறான் என்று பார்ப்பதில்லை. ஜாம்பிக் கதைகளின் மொத்தக் கோளாறும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

ஜாம்பி பிறந்த ஊரில் நடந்தது

இது வெறும் வாதத்துக்காகச் சொல்வது இல்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் ஜாம்பியின் சொந்த ஊருக்கே போகலாம். அது ஹைத்தி.

ஹைத்தியின் நாட்டார் நம்பிக்கையில் ஜாம்பி யாரையும் கடிக்காது. மந்திரவாதி செத்தவனை எழுப்பி, புத்தியைப் பறித்து, வயலில் வேலை வாங்குவான். பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாகச் சாகும்வரை உழைத்த ஒரு மக்களின் பயம் அது. செத்தாலும் விடுதலை இல்லையோ என்ற பயம். 1804இல் அந்த அடிமைகள் சண்டையிட்டே விடுதலை அடைந்தார்கள். 1932இல் வந்த 'ஒயிட் ஸோம்பி' என்ற ஹாலிவுட் படத்தில்கூட ஜாம்பிகள் சர்க்கரை ஆலையைச் சுற்றும் கூலிகளாகத்தான் வருகிறார்கள். 1968இல் ஜார்ஜ் ரொமேரோவின் படம் வந்த பிறகுதான் செத்தவர்கள் மனிதக் கறி தின்ன ஆரம்பித்தார்கள். அதோடு ஹைத்தி மறந்துபோனது.

அந்த ஹைத்தியில் 2010 ஜனவரி 12 அன்று பெரிய நிலநடுக்கம். தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ் நொறுங்கியது. லட்சக்கணக்கானோர் கூடாரங்களுக்கு வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆர்ட்டிபொனீத் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். காலரா! அதற்கு முன் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த நாட்டில் இல்லாத நோய். ஐ.நா. அமைதிப் படையின் முகாம் ஒன்றின் கழிவு, அந்த ஆற்றில் சேரும் ஓடையில் கலந்திருந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். கிட்டத்தட்ட 10,000 பேர் செத்தார்கள். ஐ.நா. தலைவர் பான் கி மூன் ஹைத்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில்.

அங்கே ஒரு ஜாம்பிகூட இல்லை. ஒருவரும் யாரையும் கடிக்கவில்லை. பாதுகாக்க வந்தவர்களிடம் துப்பாக்கிக்குப் பஞ்சம் இல்லை. ஒழுங்கான கழிவுக்குழி மட்டும்தான் இல்லை.

கதை அதோடு முடியவில்லை. 2019க்குப் பிறகு ஓய்ந்திருந்த காலரா 2022 அக்டோபரில் திரும்பி வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ஆயுதக் கும்பல்கள் தலைநகரின் எரிபொருள் கிடங்கை வளைத்துக்கொண்டிருந்தன. எரிபொருள் நின்றதும் நல்ல தண்ணீர் தயாரிப்பதும் ஊருக்குள் கொண்டுபோவதும் தடைப்பட்டன. துப்பாக்கி வைத்திருப்பவன் பிழைப்பான் என்று கேன்டீனில் அடித்துச் சொல்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். துப்பாக்கி வந்தது, டீசல் போனது, தண்ணீர் போனது, காலரா வந்தது.

கையில் இருக்கும் வித்தைகள்

சரி, என்னதான் செய்வது? வித்தைகள் எல்லாம் பழையவை, எளியவை. அரிவாள் சுழற்றுவதைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம்.

கலங்கல் தண்ணீரை முதலில் தெளியவிட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். வங்கதேசக் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையை நாலைந்து மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டிக் குடித்தபோது காலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் ரீட்டா கோல்வெல் குழுவினர் எழுதினார்கள். காலராக் கிருமி தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சேலை அவற்றைப் பிடித்துவிடுகிறது. புதுச் சேலையைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த சேலைதான் நல்லது. பாட்டியின் பழைய சேலை எந்த அரிவாளுக்கும் குறைந்ததில்லை!

ஆனால் பாதிதான் குறையும். மீதிக்குக் கொதிக்கவைக்க வேண்டும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடம் என்றால் மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 2016இல் வந்த 'மிருதன்' படத்தின் ஜாம்பிகள் ஊட்டியில் அலைகிறார்கள். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். எனவே அந்தப் படத்தில் தப்பிப் பிழைத்தவர்கள் எல்லோரும் மூன்று நிமிடம் கொதிக்கவைத்திருக்க வேண்டும்.

விறகோ கேஸோ இல்லையென்றால் வாசனை சேர்க்காத, 5 அல்லது 6 சதவீத பிளீச் திரவம். தெளிந்த தண்ணீர் லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கல் என்றால் 4 சொட்டு. கலக்கி அரை மணி நேரம் வைக்க வேண்டும். லேசாகக் குளோரின் வாடை அடித்தால் சரி. பழைய பாட்டில் என்றால் வீரியம் குறைந்திருக்கும். குளோரினுக்கு அடங்காத கிருமியும் உண்டு. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, நகரசபைக் குழாய் வழியாகவே வந்து சுமார் 4 லட்சம் பேரைப் படுக்கவைத்தது. அந்தத் தண்ணீரிலும் குளோரின் இருந்தது. கொதிக்கவைத்தால் அதுவும் சாகும்.

எதுவுமே இல்லையென்றால் வெயில். நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்த வேண்டும். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள்.

ஒரு எச்சரிக்கை. இவை எல்லாம் கிருமிக்குத்தான். ஆளில்லாமல் கிடக்கும் தொழிற்சாலையிலிருந்து ரசாயனம் ஒழுகிக் கலந்திருந்தால் எத்தனை கொதித்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற விஷம் அடர்த்தியாகும். தொழிற்சாலைக்குக் கீழ்ப்பக்கத்து ஓடையைத் தொடாமல் இருப்பதே புத்தி.

கோலா, பீர், இளநீர்

"தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, சூப்பர் மார்க்கெட் முழுக்கக் கூல்டிரிங்க்ஸ் இருக்குமே!" இதுவும் கேன்டீன் வாதம்தான். பாதி சரி. மூடிய டின்னில் இருக்கும் கோலாவில் கிருமி இல்லை, பெரும்பகுதி தண்ணீர்தான். தாகத்துக்குக் குடிக்கலாம். ஆனால் வயிறு கெட்டவருக்குக் கொடுத்தால் அதிலிருக்கும் சர்க்கரை குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். மின்சாரம் போன வீட்டின் பாக்கெட் பாலை மறந்துவிட வேண்டும். இளநீர் உள்ளே சுத்தமானது. மரம் ஏறத் தெரிந்த ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். கடல் நீர் குடித்தால் அந்த உப்பை வெளியேற்ற உடம்பு இருக்கிற தண்ணீரையும் இழக்கும்.

விஸ்கி, பிராந்தியைக் கலந்தால் அழுக்குத் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. கிருமியைக் கொல்ல 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் வேண்டும். பாட்டிலில் இருப்பதே 40 சுற்றுவட்டாரம்தான். அதைத் தண்ணீரில் கலந்தால் கிருமி சாகாது, குடித்தவர் மட்டும் போதையில் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்குவார்.

பீர் விஷயத்தில் மட்டும் வரலாறு கொஞ்சம் சுவாரஸ்யமானது. 1854இல் லண்டனின் பிராட் தெருவில் ஒரு அடிகுழாயைச் சுற்றிக் காலரா பரவி 600க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே தெருவில் இருந்த பீர் ஆலையின் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவரும் காலராவில் சாகவில்லை. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் விசாரித்தார். அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது, தெருக் குழாய்த் தண்ணீர் பக்கம் அவர்கள் போவதே இல்லை. ஆலைக்குள் அவர்களுக்கென்று தனிக் கிணறும் இருந்தது. பீர் தயாரிக்கத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறார்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. காப்பாற்றியது போதை அல்ல. கொதியும் நல்ல கிணறும்.

எனவே ஜாம்பி வந்தால் பீர் ஆலைக்கு ஓடுவது நல்ல யோசனைதான், பீருக்காக அல்ல! இதையும் ஒரு ஊர் நிஜமாகவே செய்து காட்டியிருக்கிறது. 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்த போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் குழாயும் மின்சாரமும் நின்றபோது, மக்கள் கேன்களைத் தூக்கிக்கொண்டு போய் நின்றது ஊரின் பழைய பீர் ஆலை வாசலில். அதற்குச் சொந்த ஊற்று இருந்தது. தள்ளுவண்டியிலும் குழந்தை வண்டியிலும் தண்ணீர் கொண்டுபோனார்கள். மலைமேலிருந்து குண்டு வீசியவர்களுக்கும் இது தெரியும். தண்ணீர் வரிசையில் நின்றவர்கள் மேலேயே குண்டுகள் விழுந்தன, செத்தார்கள். மறுநாளும் வரிசை நின்றது. பிரெட் கியூனி என்ற அமெரிக்க நிவாரண வல்லுநர் சுத்திகரிப்பு இயந்திரத்தை விமானத்தில் கொண்டுவந்து, குண்டு படாமல் இருக்க ஒரு சாலைச் சுரங்கத்துக்குள் பொருத்தினார்.

முற்றுகையில் கிடந்த ஒரு நகரம் நாலு ஆண்டு எப்படிப் பிழைத்தது என்றால் இப்படித்தான். ஒவ்வொருவரும் தனித்தனிப் பதுங்கு குழியில் கோலா டின்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அல்ல.

எல்லாவற்றிலும் சிறந்த பானம்

இந்தப் பட்டியலில் கடைசியாக ஒரு பானம். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கானில் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பிக் குழாய் வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே பிடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 30 சதவீதம்வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வீட்டில் செய்வதென்றால் கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அவ்வளவுதான் மருந்து.

இதைக் கண்டு எந்த ஜாம்பியும் பயப்படாது. ஆனால் இது தெரிந்த ஒருவர் ஒரு தெருவையே காப்பாற்றுவார். துப்பாக்கி தெரிந்தவர் தன்னை மட்டும், அதுவும் குண்டு தீரும்வரைதான்.

"கதைதானே, விடுங்களேன்!"

கடைசியில் இந்தப் பதில் வரும். கதைதான். ஆனால் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன்தான் ஆபத்து, அவன் எந்த நேரமும் மாறிவிடுவான், கதவைச் சாத்து. தண்ணீர் விஷயத்தில் இதைப்போலத் தற்கொலைத்தனமான அறிவுரை வேறு இல்லை. ஆற்றுக்கு மேல்பக்கம் இருப்பவர் கழிப்பிடம் இல்லாமல் ஒதுங்கினால் கீழ்ப்பக்கம் இருப்பவர் எத்தனை பூட்டுப் போட்டாலும் பயன் இல்லை. நிலத்தடி நீருக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. கிணற்றைச் சுற்றி ஆயுதத்தோடு காவல் நிற்பவன், விரட்டப்பட்டவர்கள் நூறு அடி தள்ளிப் போய் என்ன செய்வார்கள் என்று யோசிக்க வேண்டும். அவர்களுடைய பேதி ஒரு வாரத்தில் அவனுடைய கிணற்றுக்கு வந்துவிடும். அவர்களுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீரும், ஒரு மண்வெட்டியும், குழி வெட்ட ஒரு இடமும் கொடுப்பது தர்மம் மட்டும் அல்ல. அவனுடைய தற்காப்பும் அதுதான்.

இன்னொன்று. ஜாம்பிப் பேரழிவு என்று வேடிக்கையாகப் பேசப்படும் நிலைமை பலருக்குத் தினசரி வாழ்க்கை. உலகில் 200 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இன்றும் பாதுகாப்பான குடிநீர் வீட்டில் கிடைப்பதில்லை. வயிற்றுப்போக்கு ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொல்கிறது. செத்தவர்கள் யாரும் எழுந்து வரவில்லை, குழாய் மட்டும் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் பக்கம் கேமரா திரும்பாததற்குக் காரணம், அந்தச் சாவில் சண்டைக் காட்சி இல்லை.

அடுத்த முறை கேன்டீனில் அந்தக் கேள்வி வந்தால், என்ன ஆயுதம் என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க மூன்று கேள்விகள் இருக்கின்றன. உன் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அது நின்றால் பக்கத்தில் கிணறு எங்கே இருக்கிறது? உப்பும் சர்க்கரையும் எந்த அளவில் கலக்க வேண்டும்?

மூன்றுக்கும் பதில் தெரிந்தவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். அரிவாளோடு நிற்பவரை அவருடைய வழியில் போகவிடுங்கள். மூன்றாவது நாள் சாயங்காலம் அவரே தண்ணீர் கேட்டு வருவார். வரும்போது கொடுங்கள், கொதிக்கவைத்து.